பல வருஷம் நின்றுபோன காரை வீட்டிலேயே ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெட்டிலோ மரத்தடியிலோ வருஷக்கணக்கில் நின்றுவிட்ட பழைய காரை மறுபடி ஓட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டியை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் கையில் இருந்தால், இங்குள்ள அளவுகளை விட்டுவிட்டு அதில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

புது பேட்டரி வச்சு ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்த்துடலாமா? ஓடுமா ஓடாதான்னு தெரிஞ்சா போதும்.

வேண்டாம். சும்மா நின்றதால் கெட்ட இன்ஜின்களை எளிதில் சரிசெய்துவிடலாம். அவசரப்பட்டு சாவி திருப்பிக் கெடுத்தவைதான் செலவு வைக்கும். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் எப்போதோ வடிந்திருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் லேசான துருவோடு ஒட்டியிருக்கும்போது செல்ஃப் மோட்டார் முரட்டுத்தனமாக இழுத்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஒரு வால்வு ஒட்டியிருந்தால் அதை இயக்கும் கம்பியான புஷ் ராட் வளையும். ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தால் அந்தக் குப்பையும் உள்ளே போகும்.

பேட்டரியை இணைக்கும் நாள் வரும்போது முதலில் எந்த முனை பாடியோடு சேர்கிறது என்று பாருங்கள். 1960களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டினால் வண்டியில் உள்ள ரேடியோ முதல் பலி.

அப்போ எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

துருவிலிருந்து. இன்ஜினை எப்படியும் சரிசெய்துவிடலாம். அடிச்சட்டம் போயிருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, கால் வைக்கும் தரை, ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்கள், பேட்டரி தட்டின் அடி ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று எதிர்க்கும். உளுத்தது மொறுமொறுவென உள்ளே போகும். பெயின்ட் பளபளப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அடியில் இருப்பது பட்டி. கதவு, ஃபெண்டர் துருவைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், அது அழகு சம்பந்தப்பட்டது.

அதன் பிறகு வரிசை: இன்ஜின் கையால் சுற்றுகிறதா, எண்ணெய், பெட்ரோல், ஸ்பார்க், தண்ணீர், முதல் ஸ்டார்ட். பிரேக்கையும் டயரையும் முடிக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. இன்னொன்று: வண்டியை மொத்தமாகப் பிரித்துப் போடாதீர்கள். ஒரு பகுதியைக் கழற்றினால் அதை முடித்து மாட்டிய பிறகே அடுத்தது. பாதியில் கைவிடப்பட்ட கார்களில் பெரும்பாலானவை அட்டைப் பெட்டிகளில் கிடப்பவைதான். கழற்றும் முன் படம் எடுங்கள். போல்ட்டுகளைப் பகுதிவாரியாகப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

அடியில படுத்து வேலை செய்ய ஜாக்கி மட்டும் போதுமா?

போதாது, ஐந்து நிமிஷ வேலைக்கும் போதாது. கெட்டித் தரையில் ஆக்ஸில் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போகலாம். செங்கல், ஹாலோ பிளாக் சொல்லாமல் உடையும். கழற்றிய சக்கரத்தை சில்லுக்கு அடியில் தள்ளி வைப்பது இரண்டாவது காப்பு. ஜாக்கி வைக்கும் இடமே உளுத்திருந்தால் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கோ சேசிஸுக்கோ கொடுங்கள்.

இன்ஜின் சுத்தவே மாட்டேங்குது. சீஸ் ஆயிடுச்சு, பிரிச்சுத்தான் ஆகணும்ங்கிறாங்க.

முதலில் பிடித்திருப்பது இன்ஜின்தானா என்று பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துங்கள். தண்ணீர் பம்பு அல்லது டைனமோ துருப்பிடித்து நின்றாலும் இன்ஜின் சுற்றாது. செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. இதெல்லாம் இல்லை என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதியாகக் கலந்து, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் 20 முதல் 30 மில்லி ஊற்றுங்கள். இரண்டும் தானாகப் பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். பக்கத்தில் தீ, பீடி, கிரைண்டர் எதுவும் கூடாது. ஓட்டையைத் துணியால் மூடி, தினமும் கொஞ்சம் சேர்த்து, நாலைந்து நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, போல்ட் இறுகும் திசையில் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் முன்பக்கமிருந்து பார்த்தால் அது வலச்சுற்று. தொங்காதீர்கள், பைப் போட்டு நீட்டாதீர்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் அங்கேயே நிறுத்தி, டாப் கியரில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி அதே அளவு பின்னால் கொண்டுவாருங்கள். முன்னே, பின்னே, கொஞ்சம் கலவை, மறுபடி முன்னே. ஒரேயடியாக முழுச் சுற்று சுற்ற முயன்றால் உதிர்ந்த துரு ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துவிடும்.

இரண்டு வாரம் ஆகியும் அசையவில்லை என்றால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுவதே வழி. அப்போது பார்த்தால் வழக்கமாக ஒரே ஒரு சிலிண்டர்தான் குற்றவாளியாக இருக்கும்: வண்டி நின்றபோது வால்வு திறந்த நிலையில் இருந்து, ஈரக்காற்று இறங்கிய சிலிண்டர்.

கையால சுத்துது. இப்பவாவது ஸ்டார்ட் பண்ணலாமா?

இன்னும் இல்லை. மேலே ஊற்றிய கலவை இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் இறங்கியிருக்கும், ஆகவே எண்ணெயை வடித்துவிட்டுப் புது ஃபில்டரோடு புது எண்ணெய் ஊற்றுங்கள். வடித்தது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் நின்ற காலத்தில் சேர்ந்த ஈரம். நிறைய இருந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ பிளாக்கையோ சந்தேகப்படுங்கள்.

வால்வுகளுக்கு மேலே உள்ள ராக்கர் கவரைத் திறந்து, ஒருவர் கையால் சுற்ற இன்னொருவர் ஒவ்வொரு வால்வும் கீழே போய் முழுதாக மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் எல்லா வால்வும் ஒரு முறை திறக்கும். கீழே போன வால்வு அங்கேயே நின்றால் தண்டில் துரு இளக்கும் ஆயில் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், பெல்ட் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிய பிறகே ஸ்டார்ட். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும்.

அடுத்து, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து எண்ணெயை மேலே ஏற்ற வேண்டும். ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகும் கரண்ட் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சிலிண்டரிலிருந்து வரும் ஆவியில் பொறி விழும். பத்து விநாடி அடித்து ஒரு நிமிஷம் விடுங்கள். ஆயில் லைட் அணையும்வரை, அல்லது மீட்டர் முள் எழும்வரை இப்படியே.

கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தா நல்ல இன்ஜின்?

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்தான் கம்ப்ரஷன். பொதுவாக 120 முதல் 170 பி.எஸ்.ஐ. வரை. எண்ணைவிட சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமே முக்கியம்: 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. எல்லா பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்திருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாக இருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

நின்ற இன்ஜினில் முதல் அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு ஒட்டிய ரிங் இளகி அளவு ஏறுவது சகஜம்.

டேங்க்ல பாதி பெட்ரோல் இருக்கு. புதுசு ஊத்திக் கலந்துட்டா ஓடாதா?

மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை போய் பழைய வார்னிஷ் வாசனை வந்தால் அது எரிபொருள் இல்லை, பிசின். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். முழுதாக வடித்து, மூடிய டப்பாவில் அடைத்து, ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம்.

டேங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சாதாரண பல்பைத் தொங்க விடாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. அதே காரணத்தால் வீட்டில் டேங்குக்கு வெல்டிங் கூடவே கூடாது. மேலோட்டமான துரு என்றால் ஒரு கைப்பிடி நட்டுகளை எண்ணிப் போட்டு, சோப்புத் தண்ணீரோடு நன்றாக உருட்டி, அலசி, அன்றே முழுதாக உலர்த்துங்கள். போட்ட நட்டெல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணுங்கள். உள்ளே பூசும் சீலர் கடைசி வழி. சரியாகச் சுத்தம் செய்யாமல் பூசினால் அது உரிந்து துருவைவிட மோசமாக அடைக்கும்.

ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை மறு பேச்சில்லாமல் மாற்றுங்கள், எத்தனாலைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கல் பம்பு என்றால் அதன் மெல்லிய சவ்வான டயாஃப்ரமும் சந்தேகத்துக்குரியது. அது கிழிந்தால் பெட்ரோல் சம்புக்குள் சொட்டும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் அளவு தானாகக் கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

கார்புரேட்டரைக் கழட்டாம கிளீனர் ஸ்பிரே அடிச்சா போதாதா?

சில மாதம் நின்ற வண்டிக்குப் போதலாம், வருஷக்கணக்கில் நின்றதற்குப் போதாது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு படிவு உலர்ந்து ஒட்டியிருக்கும். ஸ்பிரே அதைக் கரைத்து, பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டுக்கு அப்படியே அனுப்பும். கழற்றி ஊற வையுங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை வட்டமாக, கூர்மையான விளிம்போடு தெரிய வேண்டும். கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மெத்தென்றது, ஓட்டை பெரிதானால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவே (மிக்ஸர்) மாறிவிடும். நைலான் தூண்டில் நரம்பும் காற்றும் போதும்.

மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடி தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு இல்லை என்றால் அடியிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை, மாற்ற வேண்டும்.

எல்லாம் பண்ணியாச்சு, ஸ்பார்க்கே வரலை.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் தொடுமுனை) வைத்த வண்டி என்றால் பெரும்பாலும் பாயிண்ட்தான். தொடும் இரண்டு முகங்களிலும் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலம் இருக்கும்; 12 வோல்ட் அதைத் தாண்டாது. மெல்லிய உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு, பிறகு சுத்தமான விசிட்டிங் கார்டை விட்டு ஓர் இழுப்பு. அந்த இரண்டாவது இழுப்பை விட்டால் உப்புத்தாளின் மணலே தடையாக நிற்கும். இடைவெளி வழக்கமாக 0.40 மி.மீ. வாக்கில் இருக்கும், பாயிண்டைத் திறக்கும் கேம் மேட்டின் உச்சியில் வைத்து அளக்க வேண்டும்.

இன்னும் இல்லை என்றால்: காயிலுக்குக் கரண்ட் வருகிறதா, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே எர்த் பட்டை இருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் உண்டா, பிளக் வயர்கள் வரிசை மாறியிருக்கின்றனவா? நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலும் 1-3-4-2; சிலவற்றில் 1-2-4-3, அதனால் மேனுவலைப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு என்னென்ன தயாரா இருக்கணும்?

திறந்த வெளி, தீயணைப்பான், சாவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள். மூடிய ஷெட்டில் ஓடும் இன்ஜின் வெளியே விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டேங்க் வேலை முடியவில்லை என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலைத் தனி டப்பாவில் வைத்து ஃபில்டர் வழியாகக் கொடுக்கலாம், ஆனால் அதை சூடான சைலன்சர் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு பேக்ஃபயர் போதும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட் ஐந்தாறு விநாடியில் அணையாவிட்டால் நிறுத்துங்கள். சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரியும்வரை புகை மண்டும், பயப்பட வேண்டாம். கால் மணி நேரம் கழித்தும் நீலம் என்றால் எண்ணெய், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நிற்காத வெண்புகையோடு ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கேஸ்கெட். இந்த எண்ணெயை 200, 300 கிலோமீட்டருக்குள் மறுபடி மாற்றிவிடுங்கள்; பழைய கசடை அது கரைத்து எடுத்திருக்கும்.

பிரேக் பெடல் கெட்டியாத்தான் இருக்கு. அப்படியே விட்டுடலாமா?

கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம். அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உள்சுவரில் பள்ளம் பள்ளமாகத் துருவை விட்டிருக்கும். இன்று கெட்டியாக இருக்கும் ரப்பர் சீல், நாலாவது தடவை அழுத்தி மிதிக்கும்போது அந்தப் பள்ளத்தில் கிழியும். நாலு சக்கர டிரம்மையும் கழற்றி, சிலிண்டரின் தூசி மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சிலிண்டர் மாற்று. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைத்து எடுங்கள்.

பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிக்கான், அதோடு எதையும் கலக்கக் கூடாது. பழைய சிட்ரோயன் போன்ற சில வண்டிகள் பச்சை மினரல் ஆயிலில் ஓடுபவை, அவற்றில் சாதாரண பிரேக் ஆயில் ஊற்றினால் சீலெல்லாம் போய்விடும். ஏர் எடுக்கும்போது (பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும்போது) பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்திருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்துப் பாதி தூரத்துக்கு மேல் போகாமல் மிதியுங்கள். இத்தனை வருஷமாக சீல் போகாத பகுதியில் துரு இருக்கும், தரைவரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும்.

ஒரு சக்கரம் மட்டும் பெடலை விட்டாலும் ரிலீஸ் ஆகலை. ஷூவைத் தளர்த்தியும் பார்த்தாச்சு.

அந்தச் சக்கரத்தில் ஏர் எடுக்க உள்ள பிளீடிங் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீறி சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள், காரணம் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும், உள்சுவர் வீங்கி ஒரு வழிக் கதவாக மாறியிருக்கும்: மிதிக்கும் அழுத்தம் போகும், திரும்பாது. நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் சிலிண்டர் பிஸ்டனோ ஹேண்ட் பிரேக் கேபிளோ பிடித்திருக்கிறது.

டயர் தேயவே இல்லையே, அதையும் மாத்தணுமா?

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முன் செய்தது. பத்து வருஷம் தாண்டியதை வண்டியை நகர்த்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் மிதிச்சாலும் கியர் விழலை, கரகரன்னு சத்தம்.

கேபிளோ ஆயிலோ சரியாக வேலை செய்கிறது என்றால் கிளட்ச் பிளேட் துருவில் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. பெடலை ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து இரண்டு நாள் விடுங்கள், இடையில் இன்ஜினைச் சூடாக்குங்கள். விடவில்லை என்றால், பிரேக் வேலை முடிந்த பிறகு, எதிரே ஆளில்லாத திறந்த வெளியில் கிளட்சை மிதித்தபடி முதல் கியரில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து விட்டு, கொடுத்து விட்டு ஓட்டினால் பெரும்பாலும் டப்பென்று பிரியும்.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய இன்ஜினைத் தின்னுடும்னு சொல்றாங்களே?

2021இல் அல்ஜீரியா நிறுத்தியதோடு சாலை வண்டிகளுக்கு ஈய பெட்ரோல் விற்பது உலகம் முழுக்க முடிந்துவிட்டது, அதனால் வேறு வழியும் இல்லை. வால்வு வந்து அமரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். அலுமினிய ஹெட்டில் கடினமான வால்வு சீட் ஏற்கெனவே இருக்கும். பாதிக்கப்படுவது தனி சீட் இல்லாத இரும்பு ஹெட். அதுவும் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால்தான். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) அளங்கள். எக்ஸாஸ்ட் வால்வில் அது தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது, அடுத்து ஹெட் கழற்றும்போது கடின சீட் போட்டுவிடலாம்.

நல்லா ஓடுது, இருபது நிமிஷத்துல நின்னுடுது. ஆறினா மறுபடி ஓடுது. சூடும் ஏறலை.

நின்ற அந்த நிமிஷமே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது, வேலை அங்கேயே முடிந்தது. இல்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றி அதன் உடலை இன்ஜின் உலோகத்தில் வைத்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி, ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் மஞ்சளாக, சோனியாக வந்தாலோ வராவிட்டாலோ காயில் அல்லது பாயிண்டோடு இணைந்த கண்டென்சர். இரண்டும் சூட்டில் கைவிடும், ஆறினால் திரும்பும். கண்டென்சரை முதலில் மாற்றுங்கள், அதுதான் மலிவு.

ஸ்பார்க் நீலமாக நன்றாக வந்தால் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் பெட்ரோல் வரவில்லை. குழாய் சைலன்சருக்குப் பக்கத்தில் ஓடினால் ஆவி அடைப்பாக இருக்கலாம், தள்ளிக் கட்டுங்கள். அதுவும் இல்லை என்றால் டேங்கில் மிச்சமிருந்த துருச் செதில் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டுகிறது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்று செதில் கீழே விழும், அதனால்தான் மறுபடி ஓடுகிறது. பம்புக்கு முன் உள்ள குழாயைக் கழற்றி டேங்க் பக்கம் லேசாக ஊதுங்கள். கொஞ்ச தூரம் சரியாக ஓடிவிட்டு மறுபடி நின்றால் டேங்கை இன்னொரு தடவை இறக்கியே ஆக வேண்டும்.